பாட்டில் பேர் சொல்லும் இடம்

மேடையில் பாடிப் பிழைக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டினால் பயம், மைக் கீச்சிட்டால் பயம், மழை வந்தால் பயம். சொந்தப் பாட்டைக் கேட்டே பயப்பட வேண்டிவரும் என்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. இருட்டிவிட்டது. பாப்பாவுக்கு இட்லி பிசைந்துகொண்டிருந்தேன். வெளி கேட் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். என் பாட்டுதான், ஆனால் மகா மெதுவாக, பாட்டரி தீர்ந்துபோன பொம்மை மாதிரி இழுத்து இழுத்து. பல்லவி முடிந்த இடத்தில் விசில் நின்றது. கேட் கம்பியில் டங், டங், டங், டங் என்று நாலு தட்டு. மறுபடியும் விசில், மறுபடியும் அதே இடத்தில் தட்டு. என்னிடமிருந்து ஏதோ ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். கீழ் வீட்டு ஓனரம்மா மெழுகுவர்த்தியோடு மாடிப்படியில் வந்து சிரித்தார்: "பாத்தியாம்மா, ரோட்ல போறவன்கூட உன் பாட்டுதான் பாடிக்கினு போறான்!"

கல்யாணம், கடைத் திறப்பு, காலேஜ் விழா என்று ஊர் ஊராகப் பாடப் போகிற என் அக்கா தங்கைகளே, உங்களில் யாருக்காவது இது நடந்திருக்கும். பாப்பா தூங்குகிறாள். அவள் அப்பா சதீஷுக்கு ஸ்ரீ சிட்டி ஃபாக்டரி ஒன்றில் நைட் ஷிஃப்ட். எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

மாங்கூழ் ஷெட்

எங்கள் பேண்டின் பெயர் தகரக் கூரை. சித்தூரில் மூடிக் கிடந்த ஒரு மாங்கூழ் ஃபாக்டரியின் ஷெட்டில் பிராக்டீஸ். ஃபாக்டரி நின்று வருஷக்கணக்காகியும் உள்ளே புளித்த மாம்பழ வாடை போகவில்லை. கிட்டாருக்கு ரகு, கீபோர்டுக்கு பாஸ்கர், டிரம்ஸுக்கு அன்றன்றைக்குக் கிடைக்கிற ஆள், பாட நான். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கொயரில் நிற்க வைத்துப் பழக்கிய குரல் என்னுடையது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மேலே எழும்பிக் கத்துவதை ரகுவிடம் கற்றுக்கொண்டேன். எங்கள் பாட்டுகள் எல்லாமே ஒரே இரைச்சல்தான். ஒன்று மட்டும் மெதுவாக ஆரம்பிக்கும். முதலில் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியாக, பிறகு என் குரல் தனியாக, கடைசியில் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும்போது நான் உச்சியில் போய் நிற்க வேண்டும். 'எங்கயும் போகலை, இன்னும் இங்கேதான் இருக்கேன்' என்பது பல்லவி. அதற்கடுத்து டிரம்ஸில் நாலு தட்டு அளவுக்கு ஒரு இடம்.

அந்த இடத்தில் முதலில் ஒரு பெயர் இருந்தது. ரகுவை விட்டுப் போன பெண்ணின் பெயர். ரெக்கார்டிங் நெருங்கும்போது அவளுக்கு நிச்சயதார்த்தம் என்று தெரியவந்தது. வம்பு வேண்டாமென்று ரகு பெயரை எடுத்துவிட்டான். மாற்றிப் போட வேறு சொல் அமையாததால் அந்த இடம் காலியாகவே ரெக்கார்டு ஆனது. பாட்டு வெளியே வந்த பிறகு பார்த்தால், ரீல்ஸில் ஆளாளுக்கு அந்தக் காலி இடத்தில் தங்களுக்கு வேண்டியவர் பெயரைச் சொல்லிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நர்சுகள், ஸ்ரீ சிட்டி ஹாஸ்டல் பெண்கள். தெலுங்கில்கூட ஒருவர் பாடிவிட்டார். ரகு போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அவ பேரை வச்சிருந்தா நான் ஒருத்தன்தான் அழுதிருப்பேன். இப்பப் பாரு, ஜில்லாவே அழுவுது."

வேறு மாப்பிள்ளை

அதற்குப் பிறகு மேடையில் பேர் சொல்லிப் பாடுவது வழக்கமாகிவிட்டது. நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பேண்டின் வாட்ஸப்புக்குப் பெயரை அனுப்புவார்கள். பாஸ்கர் பொறுக்கியெடுத்து, என் முன்னால் ஸ்டாண்டில் இருக்கும் டேப்லெட்டில் வரவழைப்பான். அந்த இடம் வந்ததும் நான் பார்த்துப் பாடிவிடுவேன். கண்ணிலிருந்து நேராகத் தொண்டைக்கு, நடுவில் யோசனைக்கெல்லாம் நேரம் கிடையாது. பாடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிரிந்துபோனவனை நினைத்து அழுகிற பாட்டைக் கல்யாண ரிசப்ஷனில் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சித்தூரில் ஒரு ரிசப்ஷன். முந்தின நாள் ரேணிகுண்டாவில் நாங்கள் பாடிய மாப்பிள்ளையின் பெயரை பாஸ்கர் அழிக்க மறந்திருக்கிறான். நான் மணப்பெண்ணைப் பார்த்து, உருகி உருகி, 'எங்கயும் போகலை, இன்னும் இங்கேதான் இருக்கேன், ஹேமந்த்' என்று பாடினேன். அந்த மாப்பிள்ளை பெயர் ஹேமந்த் இல்லை. பெண் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை; கன்னத்து மேக்கப்பில் கோடு இறங்கியது. நாங்கள் மன்னிப்புக் கேட்டும் யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. பெண்ணின் பெரியப்பா மேடைக்கே ஏறி வந்தார்: "அந்த ஹேமந்த் எந்த ஊருக்காரன்னு சொல்லிட்டு, அப்புறமா போய்ச் சோறு துன்னுங்க."

சந்தீப்

திருப்பதியில் ஒரு காலேஜ் விழா. நாங்கள் மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். வாட்ஸப் எல்லாம் தனக்குத் தெரியாதென்று சொல்லி, 'சந்தீப்' என்று மட்டும் சொன்னார். பையன் அங்கே படித்தவனாம். புத்தூர் ரோட்டில் பைக்கில் போய்த் திரும்பி வராதவனாம். அந்தப் பிள்ளை இருந்தபோது பாத்ரூமில்கூட இந்தப் பாட்டைத்தான் கத்துவானாம்.

பாடினேன். கூட்டம் போன் வெளிச்சத்தைத் தூக்கி ஆட்டியது. யார் அந்த சந்தீப் என்று அவர்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் அவர் மட்டும் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார். அன்றிலிருந்து எந்தப் பெயர் வந்தாலும் என்னால் ஏனோதானோ என்று பாட முடியவில்லை. போகும்போது அவர் என்னிடம் வந்து சொன்னார்: "வீட்ல அவன் பேரை எடுக்கவே எல்லாரும் பயப்படறோம்மா. நீங்க மைக்லயே சொல்லிட்டீங்க."

ஃபோகஸ் லைட்

அதே திருப்பதியில் ஒரு ஃபர்னிச்சர் கடைத் திறப்பு விழா. டேப்லெட்டில் 'தாமோதரன்' என்று வந்தது. நாலு தட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பெயர். முழுக் குரலையும் கொடுத்துப் பாடினேன். அந்த நேரம் பார்த்து லைட் பையன் ஃபோகஸை என் முகத்துக்குத் திருப்பினான். கண் கூசியது, மூடிக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான்.

முடிந்ததும் ஒரு ஆள் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரி, பேங்க் வேலையில் இருக்கிறவர் மாதிரி மரியாதையாக இருந்தார். நான் பாஸ்கருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "மத்தவங்க பேருக்கெல்லாம் கண்ணைத் தொறந்துக்கினு பாடுனீங்க மேடம். என் பேருக்கு மட்டும் மூடிக்கினீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஐஸ்கிரீம்

அதற்குப் பிறகு குப்பம் போனால் குப்பத்தில், நகரி போனால் நகரியில், புத்தூர் போனால் புத்தூரில் தாமோதரன் நின்றார். குடிப்பதில்லை, கத்துவதில்லை, மேடை பக்கம் வருவதில்லை. கடைசி வரிசையில் கை கட்டி நிற்பார். பேண்டின் வாட்ஸப்புக்கு தினமும் ஒரு குட்மார்னிங், அதற்குக் கீழே, 'நீங்க எங்கயும் போகலைன்னு எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி. பிளாக் பண்ணினால் வேறு நம்பரிலிருந்து அதே வரி.

கேட்டில் விசில் கேட்ட மறுநாள் ரகுவிடம் போய், இனி இந்தப் பாட்டு வேண்டாம், இல்லாவிட்டால் பேர் சொல்வதையாவது நிறுத்திவிடலாம் என்று கெஞ்சினேன். கையில் குழந்தை இருக்கிறது என்றேன். விழா நடத்துகிறவர்கள் அனுப்பும் பெயரைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை என்று பாஸ்கர் ஒத்துக்கொண்டான். பாட்டைக் கைவிட ரகுவுக்கு மனசில்லை. கிட்டாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டே சொன்னான்: "நம்மளை அந்த ஒண்ணுக்குத்தாம்மா கூப்பிடறானுங்க. மத்த பாட்டு பாடறப்பல்லாம் எழுந்து ஐஸ்கிரீம் துன்னப் போயிடறானுங்க."

ஸ்டேஷனில்

சதீஷ் லீவு போட்டுவிட்டு என்னை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். பாப்பாவும் என் மடியில். அங்கே இருந்த ஏட்டு நல்லவர்தான். பாப்பாவுக்கு பிஸ்கெட் வாங்கிவரச் சொன்னார். நான் விசிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் போன் அடித்தது. ரிங்டோன் என் பாட்டு. அவர் அதை எடுக்காமல், பெருமையாக முழுசும் ஒலிக்க விட்டார். அந்தக் காலி இடம் வந்தபோது நான் பாப்பாவின் காதைப் பொத்தினேன்.

அவன் தொட்டானா? இல்லை. திட்டினானா? இல்லை. வீட்டுக்குள் வந்தானா? இல்லை. கேட்டில் நின்றது அவன்தான் என்று கண்ணால் பார்த்தீர்களா? இருட்டு, பார்க்கவில்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. ஏட்டு பேனாவை மூடிவிட்டு, சதீஷைப் பார்த்துத் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்: "பாட்டுல பேரு செப்பினது உங்க மேடமே கதா சார்? விசில் அடிச்சான்னு நான் என்ன கேசு எழுதறது?"

ஆராதனா

போன சனிக்கிழமை சித்தூரில் ஒரு ரிசப்ஷன். பாட்டு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. டிரம்ஸ் இறங்கியது, நான் உச்சிக்குப் போனேன், டேப்லெட்டில் பெயர் வந்தது, பாடினேன். 'ஆராதனா.' கண்ணிலிருந்து தொண்டைக்கு. மூச்சு முழுக்க வெளியே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என் பாப்பா பெயர்.

அவள் போட்டோவைக்கூட நான் எங்கேயும் போட்டதில்லை. மேடையில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் பகலில் விட்டுவருகிற க்ரெஷ்ஷில் அந்தப் பெயர் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள், வாசலில் நின்றால் கேட்கும். அடுத்த வரி எனக்கு வரவில்லை. கூட்டம் அதைப் பாட்டின் உருக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. கடைசி வரிசையில் தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மைக்கை ஸ்டாண்டில்கூட வைக்காமல் கீழே இறங்கி சதீஷுக்குப் போன் போட்டேன். பாப்பா தன் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்றார். அவள் குரலைக் கேட்காமல் போனை வைக்க மாட்டேன் என்றேன். பாஸ்கர் ஓடிவந்தான், முகம் வெளுத்திருந்தது: "கல்யாண வீட்டு ஆள்னு போன்ல சொன்னாருக்கா. உங்க வீட்டுக்காரர் சர்ப்ரைஸா போடச் சொன்னார்னு சொன்னாரு. உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு போட்டுட்டேன்."

புதுப் பாடகி

நான் பேண்டிலிருந்து நின்றுவிட்டேன். ரகு அடுத்த நிகழ்ச்சிக்கு நகரியிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டான். குரல் நன்றாக இருக்கிறது. என் பாட்டை என்னைவிட அரைக்கட்டை மேலே வைத்துப் பாடுகிறாள். பொறாமையில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் மனசு கேட்காமல் அவளுக்குப் போன் பண்ணி, பேர் சொல்லும் இடத்தில் ஜாக்கிரதையாக இரு, தாமோதரன் என்று வந்தால் பாடாதே என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்: "எல்லா ஊருக்கும் வந்து நிக்கிறாரா? எனக்கெல்லாம் எங்கக்கா அப்படி ஒரு ஃபேன் கிடைக்கப் போறான்?"

கதவு

பாப்பாவின் க்ரெஷ்ஷை மாற்றிவிட்டோம். வீடும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கிடைக்கும்வரை இங்கேதான். ராத்திரியில் நாங்கள் கதவை வெறுமனே பூட்டிக்கொள்வது வழக்கம். சதீஷ் கம்பெனி பஸ்ஸில் விடியும் முன்னே வந்து, தன்னிடமுள்ள சாவியால் திறந்து, பூனை மாதிரி உள்ளே வருவார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டால் அவர் தட்ட வேண்டும், தட்டினால் பாப்பா எழுந்துவிடுவாள், எழுந்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை. அதனால் அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டதில்லை. ஆனால் ஓனரம்மாவிடமும் ஒரு சாவி உண்டு. இன்று சாயங்காலம் அவர் சொன்னார், தங்கமான மனுஷர் ஒருவர் வந்து என்னை விசாரித்தாராம், பாப்பாவுக்கு ஒரு பொம்மை கொடுத்துவிட்டுப் போனாராம்.

பொம்மையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு சதீஷுக்குப் போன் பண்ணினேன். மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்தார். பிறகு சொன்னார்: "இன்னைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. பாப்பா எழுந்தா எழுந்துக்கட்டும். நான் வந்து தட்டினாலும் உடனே தொறக்காதே. என் பேரைச் சொல்றேன், குரலை நல்லா கேட்டுட்டு அப்புறம் தொற."

கண்டவர் பெயரையெல்லாம் மைக்கில் சொல்லிச் சம்பாதித்தவள் வீட்டில், கட்டின புருஷனே தன் பெயரைச் சொன்னால்தான் உள்ளே வர முடியும் என்று ஆகிவிட்டது. எழுந்து போய் உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.