லிச்ஃபீல்டு லைனில் நர்மதா

தண்டையார்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீசின் மாடியில்தான் நர்மதா வேலை பார்க்கும் கால் சென்டர். இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற சின்ன ஊருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் அவள்தான் போனில் பதில் சொல்வாள். அங்கே மூன்று கோபுரப் பேராலயம் ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரில் பீரங்கிக் குண்டுபட்டு நடுக்கோபுரம் சரிந்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். பார்க்காத அந்த ஊரின் தெருக்கள் அவளுக்கு மனப்பாடம்.

அவள் கணவன் தீபன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். எர்ணாவூர் குடியிருப்பில் வீடு.

"எவன்கூட இங்கிலீஷ்ல கொஞ்சிகினு கீற?" என்று கேட்டு, ஒருநாள் அவள்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் ஈரக் கோணியால் அணைப்பதற்குள் இடது தோள் வெந்துவிட்டது.

தீபனின் அண்ணன் வேலப்பன் ஆஸ்பத்திரியில் கெஞ்சினான். "அடுப்புல பத்திக்கிச்சுனு சொல்லிடும்மா. குடும்ப மானம் பூடும்."

விசாரிக்க வந்த போலீசிடம் அவள் அப்படியே சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஒரு பிற்பகல், லிச்ஃபீல்டு சந்தைத் திடலில் எரிக்கப்பட்டவரைப் பற்றி ஒரு பெரியவர் போனில் கேட்டார். நர்மதா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். 1612இல் எட்வர்ட் வைட்மன் என்பவரை, மதத்துக்கு விரோதமாகப் பேசினார் என்று கம்பத்தில் கட்டித் தீ வைத்தார்கள். சூடு தாங்காமல், சொன்னது தப்பு என்று கத்தினார். இறக்கிவிட்டார்கள். காயம் ஆறியபின் அதையே கோர்ட்டில் சொல்லச் சொன்னபோது மறுத்துவிட்டார். திரும்பக் கொண்டுபோய் எரித்தார்கள்.

சொல்லி முடித்தபோது அவள் தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அடுப்பு இல்ல சார். என் வூட்டுக்காரன்தான் கொளுத்துனான்."

வெளியூர் போயிருந்த தீபனுக்குச் சேதி எட்டியது. மறுநாள் காலை அரிவாளோடு சமையலறைக்குள் புகுந்தான். தடுத்த அவள் வலது கையில் வெட்டு விழுந்து இரண்டு விரல்கள் துண்டாயின. நர்மதா இடது கையால் கொதிக்கிற உலையை இழுத்து அவன் முகத்தில் கவிழ்த்தாள். அவன் அலறி விழ, அவனைத் தாண்டி ஓடிக் கதவை வெளியே தாழிட்டாள்.

சிலுவையம்மாள் ஓடிவந்தாள். "செத்துட்டானாடி?"

"உயிரோட கீறான்க்கா. போலீசுக்கு போன் போடு."

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், முதலில் ஏன் அடுப்பு என்று சொன்னாய் என்று மடக்கினார்.

"எரிஞ்சிச்சு சார். பயந்துட்டேன்."

தீபனுக்கு ஒரு கண் போனது, பத்து வருடம் தண்டனையும் விழுந்தது. நர்மதா இப்போது எட்டு விரல்களால் டைப் அடிக்கிறாள். வேலப்பன் எதிரே வந்தால் அவள் ஒதுங்குவதில்லை, அவன்தான் தெருவைத் தாண்டிப் போகிறான்.