கொடுத்து வைத்தவள்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் நான். கடைசி வரிசையில் என் கணவர். வேலையாக மாதாமாதம் இங்கே வருபவர், முதல் தடவையாக என்னையும் அழைத்து வந்திருக்கிறார்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் பின்னால் ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்க்கிறேன். அவர்தான், கண்டக்டரைப் போலவே பேசிக் காட்டுகிறார். வீட்டில் ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

பக்கத்தில் பூக்கூடையோடு இருக்கும் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

“அந்த சார் ஏறினாலே பஸ்ஸு கலகலன்னு ஆயிடுங்க. அவரு பொண்டாட்டி கொடுத்து வெச்சவங்க.”

“அவங்களைப் பார்த்திருக்கீங்களா?” என்கிறேன்.

“இல்லீங்களே.”

“நானும் பார்த்ததில்லைங்க.”