வாசல் தாண்டி வந்த இரண்டு ரூபாய்

ஷூ கம்பெனியில் செக்கராக இருப்பவளை ஒருத்தருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தக் கண்ணோடு நாணயம் சேர்க்கிற பைத்தியமும் சேர்ந்துகொண்டால் என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கடையில் கொடுத்த மீதியை எண்ணாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னால் நிற்கிறவரிடம் திட்டு வாங்குகிற கூட்டம்தானே நாம்.

டீக்கடைச் சில்லறை

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆன பிறகு என் சில்லறை வரத்து படுத்துவிட்டது. ஆம்பூரில் எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடைதான் இப்போது எனக்குக் கதி. அங்கே ஒருநாள் மீதியில் ஒரு இரண்டு ரூபாய் வந்தது. அச்சு ஒரு பக்கமாக நழுவி, ஓரத்தில் நகத்துண்டு அளவுக்கு வெறும் தகடாக இருந்தது. ஷூவுக்குள் கம்பெனி பேரை அடிக்கும்போது இப்படி விலகியிருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பேன். நாணயத்தில் விலகியிருந்தால் அது அதிர்ஷ்டம். டீ ஆறிப்போனது, ஷிப்ட் மணி அடித்தது கூடக் காதில் விழவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டி அந்தக் காசையும் பார்த்தார்.

"நேத்து வடை ஓரம் கருகிடுச்சுன்னு திருப்பிக் குடுத்தியேம்மா, இது மட்டும் இனிக்குதா?"

எக்ஸ்போர்ட் குவாலிட்டி

அந்தக் காசை நான் கம்பெனியில் யாருக்கும் காட்டவில்லை. காரணம் நசீர் பாய். ஃபினிஷிங்கில் ஷூவுக்கு மெருகு போடுகிற மிஷின் அவருடையது. அவர் கையில் போன தோல் கண்ணாடி மாதிரி வரும். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காசு ஒன்று எனக்குக் கிடைத்தபோது, ஆசையாக அவரிடம் காட்டிவிட்டு அந்தண்டை ஒரு லாட் ஷூ பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் காசு பளபளவென்று ஜொலிக்கிறது. மெழுகு போட்டு மிஷினில் பிடித்துவிட்டார், மவராசன்.

நாணயம் சேர்க்கிறவர்களுக்குப் புரியும், எனக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று. காலம் ஏற்றி வைத்த கறுப்பு மொத்தமும் போய், காசு புதுசாகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றது. ஆனால் அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். திட்ட வாய் வரவில்லை. நன்றி என்று சொல்லித் தொலைத்தேன்.

"இவ்ளோ அழுக்கா வெச்சிருந்தியே தங்கச்சி, ஜாஸ்தி இருந்தாலும் கொண்டா, எல்லாத்தியும் பண்ணிக் குடுக்கறேன்."

நீங்களே அடிச்சிருப்பீங்க

வேலூரில் நாணயக் கண்காட்சி வந்தது. இரண்டு ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் அந்த மாவட்டத்தில் நாணயத்துக்குத் தீர்ப்பு சொல்கிறவர். அவர் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. லென்ஸை வைத்துப் பார்த்தார். எந்த ஊர் என்றார். ஆம்பூர், ஷூ கம்பெனி என்றேன், பெருமையாகத்தான். அதுதான் வினையாகப் போச்சு. லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

போலி என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், நானும் ஏமாந்தேன் என்று வந்திருப்பேன். அவர் சொன்னது என்னை ஏமாற்றுக்காரி என்று. நாள் முழுக்க நூல் விலகினால் கூட விடாதவள் நான். கணியம்பாடி தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன், அதுவும் தப்பான பஸ். இந்தக் காசு எங்கே பிறந்ததோ அங்கேயே போய்க் கேட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

"உங்க ஊர்லதான் தோல் வெட்டற பிரஸ் எல்லாம் இருக்குதே, ஓய்வா இருக்கும்போது நீங்களே அடிச்சிருப்பீங்க."

கல்யாண வீட்டுக்குக் கேரியர்

வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும், அதை வைத்து எந்த நாணயச்சாலை என்று கண்டுபிடித்துவிடலாம். எந்த ஊர் என்று நான் சொல்ல மாட்டேன், காரணம் கடைசியில் உங்களுக்கே தெரியும். கம்பெனி லீவில், அங்கே வெளியாட்களைச் சுற்றிப் பார்க்க விடுகிற நாளாகப் பார்த்து, காட்பாடியில் ரயில் ஏறினோம். எங்கள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஊரில் எல்லாரும் மலைக்கும் கடலுக்கும் போகிறார்கள், இவள் காசு அடிக்கிற இடத்தைப் பார்க்கக் கூட்டிப் போகிறாள் என்று வழியெல்லாம் புலம்பல். புடவைக்கு ஷூவா என்று அது ஒரு கேலி. எங்கள் கம்பெனி ஷூ, நானே செக் பண்ணி முத்திரை போட்ட ஜோடி, ஊருக்குப் போகும்போது போடாமல் வேறு எப்போது போடுவது?

வாசலில் காவல்காரர் பையைத் தட்டிப் பார்த்தார். காசு எதுவும் உள்ளே போகக் கூடாதாம், ஒரு ரூபாய் கூட. இது எனக்கு ஏன் தோன்றாமல் போச்சு என்று இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் கம்பெனியிலும் வேற ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது, அதே சட்டம்தான். பக்கத்து வீட்டு பாய்மார்களிடம் கற்றுக்கொண்ட உருதுவில் எவ்வளவோ கெஞ்சினேன். மனுஷன் அசையவில்லை. எந்தக் காசைக் காட்ட வந்தேனோ அதை வாசல் பெட்டகத்தில் வைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போனேன். வீட்டுக்காரருக்கு ஒரே குஷி.

"கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டுக் கேரியர் தூக்கிட்டு வந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான் எஸ்தர்."

நெமிலிக்காரர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் தகடுகள் வரிசையாக வந்து விழுந்தன. மேலேயும் கீழேயும் அச்சு அழுத்த, காசாகிக் கொட்டின. அந்தச் சத்தம் எங்கள் பிரஸ் சத்தமேதான், எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒருத்தர் உட்கார்ந்து காசைக் கையில் அள்ளிப் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தார். நானும் அந்த வேலைதான், இந்த நாட்டுப் பணத்துக்கும் ஒரு செக்கர் இருக்கிறார் என்று வீட்டுக்காரரை இழுத்துக் காட்டினேன்.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய சூப்பர்வைசர், நாங்கள் பேசுகிறதைக் கேட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். நெமிலிப் பக்கமாம். முன்பு அந்தக் கழிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவராம். என் காசைப் பற்றி வாயால் விவரித்தேன். முகம் மாறிவிட்டது. வேலூர்ப் பெரியவர் மாதிரி இவர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். எனக்கும் பதிலுக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. போன மாசம் எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருத்தர் தைப்பு விட்ட ஷூ போட்டோவைக் காட்டியபோது நான் சொன்ன அதே வார்த்தையை, அதே குரலில் அவர் சொன்னார்.

"எங்ககிட்டேர்ந்து அப்படி ஒண்ணு வெளிய போகாதும்மா."

ஜோடி பொய் சொல்லாது

வெளியே வரும்போது, உடம்பில் உலோகம் இருந்தால் கத்துகிற மிஷின் வழியாக நடக்க வேண்டும். நான் நடந்ததும் அலறியது. வளையலைக் கழற்றினேன், மறுபடி அலறியது. காவல்காரர் கைக்கருவியைக் கீழே கொண்டுபோனார், ஷூவில் நின்று கத்தியது. காசு அடிக்கிற இடத்தில், ஷூவுக்குள் இரும்பு. சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஷூவின் அடித்தோலைப் பிரித்துப் பார்க்கணும் என்று ஒருத்தர் கத்தி எடுக்கப் போனார். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

எனக்குப் பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் இரும்புப் பட்டை வைப்போம், அது இல்லாவிட்டால் ஷூ மடங்கிப் போகும் என்று, என் உருது அந்த அளவுக்கு எட்டாததால், நெமிலிக்காரரிடம் சொல்லி, அவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்துக் கருவியை நகர்த்தச் சொன்னேன். இடது ஷூவில் சத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே நின்றதோ, வலதிலும் அங்கேயே ஆரம்பித்து அங்கேயே நின்றது. திருடுகிறவள் இவ்வளவு ஒழுங்காக ஒளிப்பாளா? காவல்காரரே ஷூவை எடுத்துத் திருப்பித் தைப்பைத் தடவிப் பார்த்தார். கத்தியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அவர் இந்தியில் கேட்டதை எல்லாம் நெமிலிக்காரர் ஒரே வரியில் தமிழாக்கினார்.

"அவரு சம்சாரத்துக்கு இதே மாதிரி வேணுமாம்."

வாசலில்

டோக்கனைக் கொடுத்துக் கைக்குட்டையை வாங்கினேன். நெமிலிக்காரர் கூடவே வந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். போலி என்று இவரும் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், வேலூர்ப் பெரியவர் சொன்னது என் மேல் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு விலகியிருந்ததை விரல் வைத்து அளந்தார். நிஜ அச்சுக்கு நடுவில் தகடு நழுவினால்தான் இரண்டு பக்கமும் அப்படி ஒத்துப்போகும். விளிம்பைத் தடவினார். அப்புறம் வருஷத்தைப் பார்த்தார். அங்கேதான் நின்றுவிட்டார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் பாஸ் பண்ணின பெட்டியிலிருந்து ஒரு குறை திரும்பி வரும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். காசை அவர் திருப்பித் தரவில்லை, உள்ளங்கை மெல்ல மூடியது. சட்டைப் பையைத் தடவினார், உள்ளே வேலை பார்க்கிற அவரும் காசு வைத்திருக்கக் கூடாதே, பை காலி. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, ஒரு குழந்தையைத் திருப்பிக் கேட்பது போலக் கேட்டார்.

"புதுசா ஒண்ணு வாங்கித் தரேம்மா, இதை எனக்குக் குடுத்துருங்க. நான் உக்காந்திருந்த வருஷம்."

கொடுக்கவில்லை. அவர் விரலை நானே பிரித்து எடுத்துக்கொண்டேன், ஊர் பேரையும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அவரும் சிரித்துவிட்டார். ஆனால் உலகத்தில் எந்த மூலையிலாவது என் கண்ணுக்குத் தப்பின ஷூ ஒன்றை எவளாவது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருப்பாளோ என்ற பயத்தில், நான் பாஸ் பண்ணின ஜோடியையே இப்போதெல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.