அது பிரெஞ்சு, அப்பா

கடையில் வாங்கும் எந்த டின்னையும் அதன் முதுகிலுள்ள கடைசி எழுத்துவரை வாசிக்காமல் நான் திறப்பதில்லை. ஷாம்பூப் போத்தலும் அப்படித்தான். என் பிள்ளைகள் இருவரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு, மிச்சத்தை வாசித்து முடிப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா மல்வேர்னில், ஒட்டியொட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றாக, ஒரு பழைய ரவுண்ஹவுஸ் வாங்கினார். அதன் குசினி மேடை முன்பு இருந்தவர்களின் தழும்போடு வந்தது. யாரோ கொதிக்கும் சட்டியை வைத்த கறுப்பு வளையம் ஒன்று. சிங்க் ஓரத்தில் தண்ணீர் குடித்து ஊதிய பலகை. ஆட்கள் வந்தால் அம்மா வளையத்தின்மேல் ஒரு தட்டத்தை வைத்து மறைப்பார். புது மேடைக்கு வசதியில்லை. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், தன் வீட்டு வேலையில் மிஞ்சிய லமினேற் தகட்டையும் பாதி டின் பசையையும் கொடுத்தார். பழைய மேடைமேலேயே ஒட்டலாம், எப்படி என்பது டின்னில் இருக்கிறது என்றார்.

டின்னில் இருந்தது ஆங்கிலம். அப்பாவுக்குத் தொழிற்சாலைக்குப் போதுமான ஆங்கிலமே தெரியும். வீட்டின் வாசிப்பு அதிகாரி நான், வயது ஒன்பது. கடிதம், பில், பள்ளிக்கூட அறிவித்தல் எல்லாம் என் வாய் வழியாகத்தான் உள்ளே வரும். அந்தப் பதவியை நான் மிகவும் விரும்பினேன். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்வதில்லை. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் எல்லாமே ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழிகளில் எழுதியிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் டின்னை மடியில் வைத்து வாசித்தேன். இரண்டு பக்கமும் பூசவும். இருபது நிமிடம் காயவிடவும். ஒட்டிய பிறகு அசைக்க முடியாது. மீதி இடத்தில் பசை வழிந்து படங்களை மூடியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் நீள நீளமான சொற்கள்.

“உந்தச் சிவப்பிலை என்ன கிடக்கு, பிள்ளை?”

“அது பிரெஞ்சு, அப்பா.”

“அப்ப அது பிரெஞ்சுக்காரற்றை குசினிக்கு” என்று அப்பா தூரிகையை எடுத்தார்.

வெளியே பனி. குளிர் புகாதபடி யன்னல்களுக்குக் கார்த்திகையிலேயே பிளாஸ்டிக் ஒட்டியாயிற்று. பூசப்பூச மணம் கனத்தது. இரண்டு வயதுத் தம்பி நிலத்தில் இருந்து அகப்பையால் தட்டிக்கொண்டிருந்தான். தகடும் மேடையும் முன்கூட்டியே தொட்டுவிடாதபடி, நடுவே விளக்குமாற்று ஈர்க்குகளை அப்பா வரிசையாக அடுக்கினார்.

“இஞ்சேருங்கோ, எனக்குத் தலை சுத்துது” என்றார் அம்மா.

“இருபது நிமிசம் பொறும். பிறகு உமக்கு மாளிகைக் குசினி.”

சாமிப் படங்கள் மேடைக்கு மேலிருந்த அலுமாரியில் இருந்தன. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏழு நிமிடம்.

“பொழுது பட்டிட்டுது. விளக்கை வைச்சிட்டு வாறன்” என்றார் அம்மா.

“பசையிலை கை படாமல் வையும். ஒட்டினால் கழட்டேலாதெண்டு டின்னே சொல்லிப்போட்டுது.”

அம்மா சிரித்தபடி நெருப்புக்குச்சியைக் கிழித்தார்.

பெரிய சத்தம் இல்லை. போர்வையை உதறுவதுபோல ஒன்று. நீல நெருப்பு மேடையின் நீளத்துக்கும் ஓடி, விளிம்பால் கீழே வழிந்தது. அப்பா ஒரு கையால் தம்பியையும் மறுகையால் அம்மாவையும் கூடத்துக்குள் எறிந்தார். எறிந்தார் என்பதுதான் சரி. மூடியிருந்த டின்னைப் பனிக்குள் வீசினார். சோபாவில் கிடந்த கனத்த போர்வையால் அடித்தடித்து அணைத்தார். புகை மணி வாயே திறக்கவில்லை. பொரிக்கும் நாளில் கட்டிய பிளாஸ்டிக் பை அதன்மேல் அப்படியே இருந்தது.

அம்மாவின் புருவங்கள் போயிருந்தன. தம்பிக்கு ஒன்றுமில்லை. அவன் கையில் அகப்பை இருந்தது. அதன் நுனி கருகியிருந்தது. அந்த அகப்பை ஒரு முழ நீளம். என் பிள்ளைகள் இரண்டு வயதைக் கடக்கும்வரை அந்த ஒரு முழத்தை மனதுக்குள் அளந்துகொண்டே இருந்தேன்.

வாசற்படியில், பனிக்குள், சப்பாத்தில்லாமல் வெறும் கால்மேசோடு நின்றோம்.

“உந்த டின்னிலை ஒண்டும் எழுதியிருக்கேல்லையே? பிள்ளையைக் கொண்டு வாசிப்பிச்சனீங்கள்தானே?” என்று அம்மா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் கால்மேசைப் பார்த்தேன்.

“சிவப்பிலை கிடந்ததை நான் வாசிக்கச் சொல்லேல்லை. என்ரை பிழை.”

“மூளையில்லாத மனிசன்!”

பிறகு பல வருடங்கள், ஆட்கள் வரும்போதெல்லாம் அம்மா புருவக் கதையை இதே வசனத்தோடு முடிப்பார். அப்பாவும் தலையாட்டிச் சிரிப்பார். மேடையில் பழைய வளையம் புதுக் கறுப்புக்குள் மறைந்துபோனது. அந்த வகையில் வேலை முடிந்தது என்றும் சொல்லலாம்.

சிவப்பில் என்ன இருக்கிறது என்று அப்பா என்னிடம் கேட்டதை அவரே மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அவருடைய ஞாபகசக்தி மோசமாக இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த கிழமை ஏதோ ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல என் கையில் தந்தார். ஆனால் போகவில்லை; பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“ஆறுதலா வாசி, பிள்ளை. பிரெஞ்சு வந்தாலும் விடாதை. ரெண்டுபேருமா எழுத்துக்கூட்டிப் பாப்பம்.”

அப்பாவுக்குத் திடீரென்று பிரெஞ்சில் ஏன் ஆசை வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.