மாடியில் ஒன்பது நாள் பாட்டு

வலியசாலைக்குப் பின்னால் கிள்ளியாற்றுப் பக்கம் இறங்குகிற எங்கள் சந்தில், மாவு மில்லை ஒட்டி ஒரு பெரிய அயினி மரம் நின்றது. ஒரு காற்று மழையில் அது சாய்ந்து, மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். மரத்துக்கு அடியில் ஒரு ஆட்டோ நசுங்கிப்போனது. ஆட்டோக்காரன் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தான். அன்றிலிருந்து அவன் நாளைக்கு எட்டு டீ குடிக்கிறான், அது வேறு கதை. அந்த மரம் விழுந்ததற்கு மறுமாதம்தான் இது நடந்தது. எனக்கு வருஷக் கணக்கெல்லாம் இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். பதினேழு வயதில் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தேன். சட்டி சுமந்து, கலவை குழைத்து, முதுகு போனதும் ஒரு வீட்டுக்குக் காவல்காரனானேன். ஓனர் மஸ்கட்டில் இருக்கிறார். கீழ் வீட்டில் அவருடைய சாமான்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்பக்கம் சுவரோடு சரித்துக் கட்டிய சாய்ப்பில் நானும் என் வீட்டுக்காரியும் இருக்கிறோம். எங்களுக்கென்று வேறு கூரை கிடையாது.

எனக்கு முன்னால் அங்கே காவலுக்கு ஒருத்தர் இருந்தார். அப்போது மாடியில் குடியிருந்தவர்கள் மொட்டை மாடித் தொட்டியில் கஞ்சாச் செடி வளர்த்து, போலீஸ் வந்துவிட்டது. "எனக்குத் தெரியாது" என்றாராம் இவர். "தெரியாமல் இருக்கத்தான் காவலா?" என்று கேட்டு ஓனர் அவரை மறுநாளே வீட்டை விட்டு இறக்கிவிட்டார். அந்த மனிதர் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்று லாட்டரிச் சீட்டு விற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மாடிக்கு யார் வந்தாலும் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிடும். பால் பாக்கெட் ஒன்று கூடுதலாக வாங்கினால்கூட ஏன் என்று யோசிப்பேன்.

இப்போது மாடியில் இருக்கிற சார் மலையாளி. ஜமைக்கா என்று ஒரு தீவாம், முப்பது வருஷம் அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்து, ரிட்டையர் ஆனதும் இங்கே கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மா நல்ல உயரம், நல்ல கறுப்பு. சிரித்தால் சந்துமுனை வரை கேட்கும். என் வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் ஒரு பாஷையும் ஒத்துவராது, ஆனாலும் கிண்ணம் மாற்றி கிண்ணம் மாடிக்கும் கீழுக்கும் போய் வரும். காலங்காத்தாலே ஒரு மனுஷி எதற்கு இப்படிச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு அதுவும் சந்தேகம்தான்.

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. அன்று சாயங்காலம் சார் வாசல் கேட்டுப் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒம்பது நாளைக்கு மாடியில கொஞ்சம் ஆள் வரும். அவ ஊர்ப் பார்ட்டி. பாட்டெல்லாம் உண்டு. பத்து மணிக்கு நிறுத்திடும். கொழப்பம் இல்லையே?"

"என்ன விசேஷம் சார்?"

"சும்மா. ஒரு பார்ட்டி, அத்ரதான்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். அதை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் பார்ட்டி யார் வைப்பார்கள்? நவராத்திரியா?

மறுநாள் ஒரு வண்டியில் ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகள் வந்தன. கடற்கரை ஓட்டலில் வாசிக்கிறவர்கள் என்று நாலு பேர், சடைமுடியும் கித்தாரும் மேளமுமாக வந்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது நானும் ஒரு கை கொடுத்தேன், உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். தட்டியும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஆரம்பித்தார்கள். நம் ஊர்க் கோயில் கொடைவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கத்தினால் மண்டையில் ஏறும். இது அப்படியில்லை, வயிற்றுக்குள் யாரோ மெதுவாக நடக்கிற மாதிரி இருந்தது. சாய்ப்பில் அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. நடுவில் ஒரு பாட்டு நன்றாக ஏறி வரும்போது, எல்லோரும் சுவரிலும் கதவிலும் படபடவென்று அடித்தார்கள். உடனே பாட்டு நின்றுவிட்டது. செட் கெட்டுப்போனது என்று நினைத்தேன். பார்த்தால் அதே பாட்டு முதலிலிருந்து வருகிறது. திரும்பவும் அடித்தார்கள், திரும்பவும் நிறுத்தினார்கள். நல்லாயிருக்கிற பாட்டை எவனாவது பாதியில் நிறுத்துவானா? இது யாருக்கோ கொடுக்கிற சைகை என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் மேஜையில் பலகை உடைகிற மாதிரி டப் டப்பென்று சத்தம் வரும். படியில் நின்று எட்டிப் பார்த்தேன். புள்ளி வைத்த சின்னச் சின்னக் கட்டைகளை ஓங்கி அறைந்து விளையாடுகிறார்கள். சூதாட்டம் என்று எண்ணிக்கொண்டேன். வெள்ளை ரம் வேறு வந்து இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அம்மா சாயங்காலத்தில்கூட கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

என் வீட்டுக்காரிதான் சொன்னாள். "அந்தப் பொம்பள துணி காயப்போடுத கொடிக்குப் பக்கத்துல நின்னு அழுதுட்டு நிக்கா. நீரு என்னன்னா சூதாட்டம்ங்கீரு."

"போதை ஏறுனாலும் கண்ணு கலங்கும், தெரியுமா?"

"உமக்கு வேற சோலி கெடையாது. காவலுக்கு இருக்கச் சொன்னா களவாணியத் தேடிக்கிட்டு அலையுதீரு."

ஒன்பதாம் நாள் காலையில் தண்ணீர் டேங்க் பார்க்க மேலே போனேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். மெத்தையைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். கட்டில் கிழக்கு மேற்காகத் திரும்பிக் கிடந்தது. அலமாரி இடம் மாறியிருந்தது. இரண்டு பேர் உள்ளிருந்து வாசல் வரை விளக்குமாறால் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எதையோ மறைக்கிறார்கள், இல்லையென்றால் மறைத்ததை அள்ளிக்கொண்டு ஓடப்போகிறார்கள். இனியும் சும்மா இருந்தால் நாளைக்குக் கிழக்கேகோட்டையில் என் கையிலும் லாட்டரிச் சீட்டுதான். ஓனருக்குப் போன் போட்டேன். நம்பர் படிக்கத் தெரியாது, அவர் படத்தைத் தொட்டால் போகும்படி மகள் செய்து வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சைகைப் பாட்டையும் விடவில்லை.

"ஒண்ணும் யோசிக்கண்டா அண்ணாச்சி," என்றார் ஓனர். "இன்னைக்கும் தொடங்கினா மேல் வீட்டு ஃபியூஸை ஊரி எடுத்துக்கோ. நாளைக்குக் காலையில அவங்களை எறக்கிடலாம்."

இருட்டத் தொடங்கியதும் பாட்டு ஆரம்பித்தது. என்றைக்கும் இல்லாத கூட்டம். மாடிப்படிக்குக் கீழேதான் மீட்டர் பலகை இருக்கிறது. மேல் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மேலே வெளிச்சம் போனது. அந்தப் பெட்டிகளும் செத்துப்போயின. யாராவது சண்டைக்கு இறங்கி வருவார்கள் என்று படியடியில் நின்றேன்.

ஒருத்தரும் வரவில்லை. பிறகு தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு சத்தம், அதோடு ஒரு மேளம். அப்புறம் அந்த அம்மாவின் குரல். அவள் ஒரு வரி சொல்ல, எல்லோரும் அதையே இழுத்துப் பாடினார்கள். கரண்ட் இல்லாமல் அந்தப் பாட்டு இன்னும் பெரிதாகக் கேட்டது. இருட்டில் என்னதான் செய்கிறார்கள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

மேலே வெள்ளைத் துணி விரித்த மேஜை. அதில் தொப்பி வைத்த ஒரு கிழவியின் போட்டோ, பக்கத்தில் மெழுகுவர்த்தி. முன்னால் ஒரு தட்டில் சோறும் பொரித்த மீனும், ஒரு டம்ளரில் ரம். அவற்றை யாரும் தொடவில்லை. சுற்றி நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் காய் துருவுகிற தகரத் துருவியைக் கரண்டியால் உரசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நடுவில் நின்று அசைந்து அசைந்து பாடினாள். சிரிக்கிறாள், கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிகிறது.

டார்ச் என் கையில் தானாகவே கீழே தாழ்ந்துவிட்டது.

சார் ஓடி வந்தார். "அண்ணாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். இவளோட அம்மை அங்க ஜமைக்காவுல இறந்துட்டா. தொண்ணூத்தொண்ணு வயசு. இவளுக்குக் கண்ணுல ஆபரேஷன் கழிஞ்சிருக்கு, ப்ளேன்ல கேறக்கூடாதுன்னு டாக்டர். போக முடியல. ஒம்பதாம் நாள் பாடி, ஆடி, சிரிக்க வச்சு அனுப்பணும்னு அவங்க ஊர்ல வழக்கம். கட்டில் மெத்தையெல்லாம் மாத்திப் போட்டா, இது நமக்குத் தெரிஞ்ச அறை இல்லன்னு ஆவி கிளம்பிடுமாம். சாவுன்னு சொன்னா ஓனர் சம்மதிக்க மாட்டார்னு பயந்து பார்ட்டின்னு சொன்னேன்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். சார் அதையும் சொன்னார். "கரண்ட் போச்சில்லியா? அது அம்மைதான்ங்கிறா. ராத்திரி வீட்டில எல்லா லைட்டையும் ஒண்ணொண்ணா அணைச்சிட்டுத்தான் படுப்பாளாம். இன்னைக்கும் வந்து அணைச்சிட்டா, இனி நிம்மதியாப் போவான்னு சொல்றா."

ஃபியூஸ் கட்டை என் மடியில் இடுப்பைக் குத்திக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வயசாளி செத்தால் கொட்டடித்து ஆடித்தான் அனுப்புவோம். என் அப்பாவுக்கு நானே வேட்டியை மடித்துக் கட்டி ஆடியிருக்கிறேன். என் அம்மா செத்தபோது நான் இங்கே ஒரு கான்கிரீட் வேலையில் நின்றேன். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல் ஆறிப்போயிருந்தது. இது எல்லாம் தெரிந்த எனக்கு, தலைக்கு மேலே ஒன்பது நாள் கொட்டடித்தும் சாவு வீடு என்று தோன்றவில்லை. கஞ்சாவும் சூதாட்டமும்தான் தோன்றின.

அந்த அம்மா ரம்மில் கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டு மீதியை என் கையில் கொடுத்தாள். நான் குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உதட்டில் மட்டும் வைத்தேன். துருவியையும் கரண்டியையும் என்னிடம் நீட்டினார்கள். கலவைச் சட்டியை வழித்து வழித்துப் பழகிய கைதானே, உரச ஆரம்பித்தேன். தாளம் சேர்ந்ததும் எல்லோரும் சுவரில் படபடவென்று அடித்தார்கள். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். "பிடிச்சிருந்தா அப்படித்தான் அடிப்பாங்க அண்ணாச்சி, முதல்ல இருந்து வாசிங்க," என்றார் சார்.

பத்து மணிக்கு எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். நான் இறங்கி வந்து யாருக்கும் தெரியாமல் கட்டையைச் செருகினேன். வெளிச்சம் வந்ததும் மேலே எல்லோரும் கை தட்டுகிற சத்தம் கேட்டது. கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் ஓனர் கூப்பிட்டார். "அவங்க எறங்கியாச்சா?"

"சாவு சார். அந்த அம்மாவோட தாயார். ஊர் வழக்கப்படி அனுப்பி வச்சாங்க."

"என் வீட்டிலயா? என்கிட்ட ஒரு வாக்கு சொல்லாமலா?"

"தெரிஞ்சிருந்தா நானே பந்தல் போட்டிருப்பேன் சார். அவங்கள எறக்கணும்னா எங்களையும் சேர்த்து எறக்கிருங்க."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. வீட்டுக்காரி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். மூன்றாம் நாள் போன் வந்தது. "டேங்க் கழுவியாச்சா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். கழுவியாச்சு என்றேன். வீட்டுக்காரி சாக்கை அவிழ்த்தாள்.

சாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கரண்ட்டைப் பிடுங்கினது நான்தான் சார்." அவர் மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவகிட்ட மட்டும் சொல்லண்டா," என்றார்.

இப்போதும் அவர்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். யார் வந்தாலும் அந்த அம்மா தன் தாயார் கடலைத் தாண்டி வந்து விளக்கணைத்த கதையைச் சொல்வாள், சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவாள். நானும் தலையாட்டுவேன். ஆட்டும்போதெல்லாம், ஒன்பது நாள் கீழே நின்று காதைக் கொடுத்ததற்குப் பதில் ஒரே ஒரு தடவை படியேறிப் போய் அவளிடம் கேட்டிருக்கலாமே என்று உள்ளே குத்தும். உங்களுக்குத் தெரிந்த காவல்காரர்கள், வீட்டு ஓனர்கள், பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைச் சொல்லுங்கள். மாடியில் இருக்கிற அந்த அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.