முப்பத்தோராவது முகமூடி

இதை நம்பும்படி யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் நடந்தது. நேரங்கள்கூட என் நோட்டில் பென்சிலால் குறித்தபடியே இருக்கின்றன. ஒரே ஒரு வரியைத்தான் அழித்திருக்கிறேன்.

நான் ஆராய்ச்சி மாணவி. எங்கள் ஊரில் அறுபது வருடங்களுக்கு முன்பு வரை, எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு போன கார்னிவல் ஊர்வலம்தான் என் தலைப்பு. காலையில் நூலகம், மதியமும் நூலகம், இடையில் பேருந்தில் கனமான ஒரு மொழிபெயர்ப்பு நாவல். நாவலில் பனி பெய்துகொண்டிருக்கும், நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். நானும் அக்காவும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். அவள் மருத்துவமனையில் நர்ஸ்.

அன்று காலை நான் கிளம்பும்போது சொன்னாள். "சட்டையில ரெண்டாவது பொத்தான் காணோம். ஊக்காவது குத்திட்டுப் போ."

"செத்துப்போனவங்களப் பாக்கத்தானே போறேன். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொன்னா ஃபோன் பண்ணு."

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஓர் அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பதிவு ரத்து. நான்கு வருட உழைப்பு அத்தோடு முடிந்தது. பேராசிரியர் கண்டிப்பாக எழுதியிருந்தார்: அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

அந்த அட்டவணை ஒரு புகைப்படத்துக்கானது. கடைசி கார்னிவல் அன்று நகர மன்றப் படிக்கட்டில் எல்லோரும் முகமூடியோடு வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். யார் யார் என்று கண்டுபிடிப்பது என் வேலை. படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஓர் எண் எழுதுவேன். முகமூடி செய்தவர் எது யாருக்கு என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். நரி தபால்காரருக்கு. சேவல் பல் மருத்துவருக்கு. இப்படி முப்பது பேர்.

படத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

மேல் வரிசை, இடது ஓரம். வெள்ளை முகமூடி. கண்களுக்கு ஓட்டை உண்டு. வாய் கிடையாது. மூன்று வாரம் தேடியும் பெயர் கிடைக்கவில்லை.

மாலை 5:05. நூலகத்தின் பழைய ஆவண அறையில் நான் மட்டும். காப்பாளர் அம்மா கீழ்த்தளத்தைப் பூட்டக் கிளம்பினார். "பேனா வெளிய வரக் கூடாது. பென்சில் மட்டும்தான்" என்றார். தினமும் சொல்வதுதான்.

5:12. காலிக் கட்டம் கண்ணை உறுத்தியது. ஆய்வு எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். இப்போதைக்கு ஏதோ ஒரு பெயர், பிறகு மாற்றிக்கொள்ளலாம்... நோட்டில் 31க்கு எதிரே என் பெயரை எழுதினேன். லேப்டாப்பிலும் அதையே அடித்தேன். வீட்டில் இணையம் பாதி நேரம் வராது. அதனால் அத்தியாயத்தையும் படத்தின் ஸ்கேனையும் இணைத்து, ஆறு மணிக்கு மின்னஞ்சல் தானாகப் போகும்படி வைத்தேன். அதற்குள் பெயரை எடுத்துவிடுவதாக எண்ணம்.

5:20. கடைசியாக ஒருமுறை சரிபார்க்க டிரேசிங் பேப்பரைப் பொருத்தினேன். முப்பது வட்டங்கள் தலைகளின் மேல் சரியாக உட்கார்ந்தன. 31 மட்டும் வெறும் சுவரின் மேல் இருந்தது.

வெள்ளை முகமூடி இரண்டாம் வரிசையில் நின்றது.

தாள் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தாள் நழுவினால் எல்லா வட்டங்களும் சேர்ந்துதானே நழுவும்...

பழைய வட்டத்தை அழித்தேன். புதிய இடத்தில் போட்டேன்.

5:31. சரக்...

காகிதம் கசங்குவது போல. ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

படத்தைப் பார்த்தேன். புது வட்டமும் காலி. அது முன் வரிசைக்கு வந்திருந்தது.

பசை வாடை அடித்தது. காகித முகமூடி ஒட்டும் பசை. ஈரமாக.

5:38. தலைகளை எண்ணினேன். முப்பது.

மறுபடி எண்ணினேன். முப்பது.

வெள்ளை முகமூடி படத்தில் இல்லை.

சரக்... சரக்...

என் நாற்காலிக்குப் பின்னால்.

நான் படிக்கும் நாவல்களில் இந்த இடத்தில் யாராவது எழுந்து ஜன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பார்கள். நான் ரப்பரைத் தேடினேன்.

திரும்பவில்லை.

கழுத்தில் மூச்சுப் படவில்லை. அதற்குத்தான் வாய் இல்லையே...

நோட்டில் என் பெயரை அழித்தேன்.

தாள் கிழியும்வரை.

5:46. சத்தம் நின்றது.

கதவு திறந்தது. காப்பாளர் அம்மா.

"கூட இருந்தவங்க எங்க?"

"யாரு?"

"கதவுக் கண்ணாடி வழியா பாத்தேனே. உன் தோளுக்கு மேல குனிஞ்சு படிச்சிட்டிருந்தாங்க. வருகைப் பதிவுல ஒரு கையெழுத்துதான் இருக்கு."

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், 7:10க்கு, மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. ஆறு மணிக்கே போயிருந்தது. நோட்டில் அழித்த பெயரை லேப்டாப்பில் நான் அழிக்கவில்லை.

மறுநாள் காலை 9:14க்குப் பேராசிரியரின் பதில் வந்தது.

'அட்டவணை முழுமையாக இருக்கிறது. ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். உன் பதிவு தொடரும். ஒரு கேள்வி மட்டும். 31ஆம் நபருக்கு உன் பெயரே இருக்கிறதே, உறவா? படத்தில் முகமூடி இல்லாமல் நிற்பவர் அவர் ஒருவர்தான்.'

அந்த ஸ்கேனை எடுத்தவள் நான். முப்பத்தொரு பேரும் முகமூடி போட்டிருந்தார்கள்.

படத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அக்கா திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். லேப்டாப்பை மெதுவாக மூடினாள். நாற்காலியில் கிடந்த என் நேற்றைய சட்டையை எடுத்து, இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"ஊக்கு குத்திட்டுப் போன்னு சொன்னேன்ல..." என்றாள்.