ரிலீவர் வராத ஷிஃப்ட்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் உட்காராமல் ஒரே மூச்சில் செய்யச் சொல்லிக்கொடுப்பது என் தொழில்; இதைக் கேள்விப்பட்ட யாரும் இதுவரை “எப்படி?” என்று கேட்டதில்லை, “எதுக்கு?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களே, பாட்டு வாத்தியார்களே, வளர்ந்த ஆட்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்து வயிறு வளர்க்கும் சகல ஜீவன்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் அது கொஞ்சம் தனி ரகம். இங்கே ஆட்களின் உடம்பில் ரத்தத்தோடு ஷிஃப்டும் சேர்ந்து ஓடுகிறது.

முதல் நாள் சந்தேகம்

குணசேகரன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் ராட்சத பக்கெட் வீல் மெஷின் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மெஷின். போன கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை எகிறிவிட்டது. மூன்று மாதத்தில் குறைக்காவிட்டால் மெஷினை விட்டு இறக்கி லைட் டூட்டி போட்டுவிடுவார்கள், அதாவது ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி. “நாற்காலிதானே, சுகம்தானே?” என்று நான் வாயை விட்டேன். அவர் பார்த்த பார்வையில் அவசரமாகப் பேச்சைப் பயிற்சிக்குத் திருப்பினேன்.

நீந்தி முடித்ததும் சைக்கிள், அது முடிந்ததும் ஓட்டம் என்று நான் விளக்கியதையெல்லாம் கைகட்டிக் கேட்டார். சுரங்கத்தில் ஒரு விதி உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பேற்காமல் மெஷினை விட்டு இறங்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் கேட்டார்: “மூணு ஷிஃப்டையும் ஒரே ஆளே பாக்கறதுங்களா? அப்ப ரிலீவர் யாருங்க, மாஸ்டர்?”

இரண்டே நிமிடம்

குளத்திலிருந்து ஏறி சைக்கிளில் உட்கார இரண்டு நிமிடம்தான் அவகாசம் என்று சொல்லியிருந்தேன். குணசேகரன் ஏறினார். தலை துவட்டினார். முகத்துக்குப் பவுடர் போட்டார். சின்னக் கண்ணாடியை எடுத்து வகிடு பார்த்துத் தலை வாரினார். நெற்றிக்குத் திருநீறு. கடைசியில் சுரங்கத்தில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பதினாலு நிமிடம் ஆகியிருந்தது. நான் வாட்சைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை: “ஈரத் தலையோட ரோட்டுல போனா பாக்கறவன் இன்னா நெனைப்பான், மாஸ்டர்?”

மியூச்சுவல்

வாரத்துக்கு ஒரு சார்ட் போட்டுக் கொடுப்பேன். திங்கள் நீச்சல், செவ்வாய் ஓட்டம் என்று போகும். ஒரு செவ்வாய் காலை குணசேகரன் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடி முடித்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் முதல் சுற்று என்று ஆரம்பித்தார். ஆர்வம் என்று நினைத்து நானும் கைதட்டினேன். அதே பேட்சில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சந்தானம் அன்று வரவில்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சந்தானத்துக்கு ஓட்டம் என்றால் வேப்பங்காய். குணசேகரனோ ஊர்க் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், நீச்சலில் கற்க ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. ‘மியூச்சுவல்’ என்று ஆளுக்கு ஆள் டூட்டியை மாற்றிக்கொள்வதுபோல் இருவரும் ஒரு மாதமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சந்தானத்தின் ஓட்டத்தைக் குணசேகரன் ஓடுவது, குணசேகரனின் நீச்சலைச் சந்தானம் நீந்துவது. நான் கத்தியதும் சந்தானம் பொறுமையாக விளக்கினார்: “மாஸ்டர், ரெண்டு பேர் நீச்சலும் நீந்தியாச்சு, ரெண்டு பேர் ஓட்டமும் ஓடியாச்சு. சார்ட் டேலி ஆகுதே!”

முத்தாண்டிக்குப்பம் சாலை

இந்த மியூச்சுவல் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேனே தவிர, அந்த மாற்றலை நிறுத்தவில்லை. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு சைக்கிள் பயிற்சி. முத்தாண்டிக்குப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒன்றரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். தேடிப் போனால் சாலையோரப் பலாப்பழக் கடையில் மொத்த பேட்சும் உட்கார்ந்திருக்கிறது. சந்தானம் ஏழாவது சுளையில் இருந்தார். குணசேகரன் மட்டும் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த முந்திரித் தோப்பை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையை நீட்டினார்: “நான் தின்னலீங்க, வேணும்னா மோந்து பாருங்க!”

தைலம்

மார்க்கெட்டில் குணசேகரனின் மனைவி கமலாவைப் பார்த்தேன். “எப்படி இருக்கார் நம்ம ஆளு?” என்று பெருமையாகக் கேட்டேன். முழங்கால் வலிக்கிறது என்று குணசேகரன் என்னிடமும் சொல்லியிருந்தார். வலித்தால் உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நான் தத்துவம் சொல்லி அனுப்பியிருந்தேன். கமலா கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “சக்கரை கொறையுதோ இல்லையோ, வூட்டுல தைலம் கொறஞ்சிக்கினே வருதுங்க.”

கடைசி கிலோமீட்டர்

மெடிக்கலுக்கு முந்திய வாரம் டவுன்ஷிப்புக்குள்ளேயே ஒரு ஒத்திகை வைத்தேன். குணசேகரன் நீந்தினார். பவுடர் இல்லாமல் சைக்கிள் ஏறினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டத்தில் கடைசி கிலோமீட்டரில் ஒரு பஸ் ஸ்டாப் அருகே நின்றுவிட்டார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்கூட்டரை நிறுத்தி என்னாச்சு என்றேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்: “வர மாட்டான்னு தெரியும், மாஸ்டர். பழக்கம், கண்ணு ரிலீவரைத் தேடுது.” சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடி முடித்தார்.

மெடிக்கல்

சர்க்கரை சரியாக இருந்தது. டாக்டரே கைகுலுக்கினாராம். கைகுலுக்கிவிட்டு, மெஷின் ஏணியில் ஏறுவதுபோல் நாலு படி ஏறிக் காட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது படியில் முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டு ஆள் ஓட்டத்தை ஒரு ஆள் முட்டி தாங்கியிருக்கிறது, வேறென்ன ஆகும்? முட்டி சரியாகும் வரை ஸ்டோர்ஸ், லைட் டூட்டி.

என் தப்புதான். சந்தானத்தையும் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஸ்டோர்ஸுக்குப் போனேன். எந்த நாற்காலிக்குப் பயந்து மூன்று மாதம் ஓடினாரோ அதில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் மெஷின் திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் ஏதேதோ உளறினேன். குணசேகரன் ஜன்னல் வழியே சுரங்கத்துப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “ரிலீவர் எங்க, ரிலீவர் எங்கன்னு கேட்டுக்கினே இருந்தேன் இல்ல, மாஸ்டர்... என் மெஷினுக்கு வந்துட்டான்.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு, முட்டியை நோகடிக்காத நீச்சலுக்காகக் குளத்தில் முதல் ஆளாக இறங்கியவர் குணசேகரன்தான், மைதானத்தில் தன் ஓட்டத்தோடு அவர் ஓட்டத்தையும் சேர்த்து இளைக்க இளைக்க ஓடிக்கொண்டிருந்தவர் சந்தானம். சார்ட் டேலி ஆகிறவரை இரண்டு பேரையும் விட்டு நானும் இறங்க முடியாது, எனக்கும் ரிலீவர் கிடையாது.